பூண்டு தண்டு விடும் காலம்

ஜூன் மாதம் பாதியைத் தொடும்போது கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் பூண்டுப் பாத்திகளில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை தட்டையான இலைகளை மட்டுமே விட்டுக்கொண்டிருந்த செடியின் நடுவிலிருந்து பென்சில் பருமனில் வழவழப்பான பச்சைத் தண்டு ஒன்று கிளம்பும். சில நாள் நேராக வளரும். பிறகு மெல்ல வளைந்து கீழே இறங்கி, தன்னைத்தானே சுற்றி ஒரு வட்டம் போடும். நுனியில், நீண்ட கூர்முனையுடன் வெளிர்பச்சை மொட்டு ஒன்று இருக்கும். தோட்டம் போடுகிறவர்கள் இதை ஒடித்துவிடுவார்கள். சிலர் சமைப்பார்கள், சிலர் மக்குக் குப்பையில் போடுவார்கள். ஏன் ஒடிக்க வேண்டும், எந்த நாளில் ஒடிக்க வேண்டும், எல்லாவற்றையுமே ஒடித்துவிடலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தத் தண்டுக்குள் நடப்பது தெரிந்தால் மூன்று கேள்விக்கும் தெளிவான விடை உண்டு. கத்தியை எடுத்து அதை எப்படி நறுக்க வேண்டும் என்பதுகூட அதிலிருந்தே வருகிறது.

தமிழ்நாட்டுக் கடையில் வாங்கிய பூண்டை நட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தத் தண்டு பழக்கமில்லை. பூண்டில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. உலகச் சந்தையில் பெருமளவு புழங்குவது மென்கழுத்துப் பூண்டு. அதன் கழுத்து முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகள்தான். காய்ந்ததும் துவண்டுவிடும் என்பதால் சடையாகப் பின்னித் தொங்கவிடலாம். பற்கள் பல அடுக்குகளில் நெருங்கிக் கிடக்கும், உள்ளே போகப் போகச் சிறுத்துவிடும். மற்றது கடினக் கழுத்துப் பூண்டு. அதில் இலையுறைகளுக்கு நடுவே மெய்யான தண்டு ஒன்று, அதாவது பூக்காம்பு, அடியிலிருந்து உச்சிவரை ஊடுருவிச் செல்கிறது. பற்கள் அந்தத் தண்டைச் சுற்றி ஒரே வட்டமாக, எண்ணிக்கையில் குறைவாக, ஆனால் பெரிதாக அமையும். தோலும் எளிதில் கழன்றுவிடும். குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டக்காரர்கள் தேடி நடுவது இதைத்தான். ஒன்ராறியோவில் பரவலாக நடப்படும் ‘மியூசிக்’ என்ற வகை இதில் சேரும். பெயரைக் கேட்டால் இசை என்று தோன்றும். உண்மையில் அது ஆல் மியூசிக் என்ற விவசாயியின் பெயர். 1980களில் இத்தாலியிலிருந்து இந்த வகையை அங்கே கொண்டுவந்தவர் அவர்.

வெங்காயமும் பூக்காம்பு விடுகிறது. ஆனால் அது உள்ளே குழாயாக இருக்கும். பூண்டின் தண்டு முழுக்கச் சதைப்பற்று. காய்கறியாகச் சமைக்க அது ஏற்றதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இந்தத் தண்டு வர இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று குளிர், மற்றது வெளிச்சம். ஒன்ராறியோவில் அக்டோபரில், நிலம் உறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, பற்களைப் பிரித்து ஊன்றிவிடுவார்கள். வேர் விட்டதும் குளிர் வந்து வளர்ச்சி நின்றுவிடும். மேலே வைக்கோல், அதன்மேல் பனி. மண்ணுக்குள் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் அந்தப் பல் மாதக்கணக்கில் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உறக்கம். உள்ளே, வளர்நுனியில் ஒரு கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல வாரங்கள் கழிந்தால்தான் அந்த நுனி இலை உருவாக்குவதை விட்டுப் பூவை உருவாக்கும் திறனைப் பெறும். கோதுமை முதல் முட்டைக்கோசு வரை பல பயிர்களில் உள்ள இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்ப்பதம் என்று பெயர். குளிர்காலம் உண்மையாகவே முடிந்துவிட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் பூவைச் செலவழிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

அடுத்தது பகலின் நீளம். ஏப்ரலில் இலை வெளிவந்ததும் பூண்டு பகலை அளக்கத் தொடங்குகிறது. பகல் நீளவும் மண் சூடேறவும் இரண்டு வேலைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. நிலத்துக்குக் கீழே பற்கள் திரள்கின்றன, மேலே பூந்தண்டு நீள்கிறது. ஜூன் இறுதியில் டொரொன்டோவின் பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம். கொடைக்கானலில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்தான். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, குறைந்த பகலிலும் மிதமான குளிரிலும் பற்கள் கட்டப் பழகிய பூண்டு. மலையில் குளிர் உண்டு, ஆனால் மாதக்கணக்கில் பனிக்கடியில் புதைந்து கிடக்கும் குளிர் இல்லை. பத்தாவது பாகையிலும் நாற்பத்து நான்காவது பாகையிலும் சூரியன் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதால், பூண்டும் அங்கங்கே வேறு வேறு உருவம் எடுத்திருக்கிறது. ஒன்ராறியோவில் செழிக்கும் வகையைக் கொண்டுவந்து கொடைக்கானலில் நட்டால் தண்டை மட்டுமல்ல, ஒழுங்காகப் பிரிந்த பற்களைக்கூட எதிர்பார்க்க முடியாது.

இப்போது அந்த மொட்டைப் பிளந்து பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை பூண்டுச் செடியில் மிகவும் சுவையான செய்தி இங்கேதான் இருக்கிறது. மெல்லிய உறைக்குள் இரண்டு வகையான உறுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஊதா சாயலோடு நுண்ணிய பூமொட்டுகள் ஒருவகை. அவற்றுக்கிடையே மணிமணியாகத் திரளும் சிறுகுமிழ்கள் இன்னொரு வகை. சிறுகுமிழ் விதை அல்ல. அது மண்ணுக்குள் இருக்கும் பல்லின் குட்டி வடிவம், தாய்ச்செடியின் அச்சு நகல். வெங்காயக் குடும்பத்துக்கே உரிய குடைபோன்ற பூங்கொத்தில் இந்த இரண்டும் ஒரே உணவுக்காகப் போட்டியிடுகின்றன. சிறுகுமிழ்கள் வேகமாகப் பருக்கின்றன, பூக்கள் பெரும்பாலும் மலர்வதற்கு முன்பே கருகிவிடுகின்றன. மலர்ந்தாலும் பல வகைகளில் மகரந்தம் செத்துப்போயிருக்கும்.

ஆக, பூண்டுக்கு வம்சத்தைத் தொடர மூன்று வழிகள் இருந்தன. மண்ணுக்குள் பல், தண்டின் உச்சியில் சிறுகுமிழ், பூவில் விதை. மூன்றாவது வழி அடைபட்டுப்போனதில் மனிதக் கைக்குப் பெரும் பங்கு உண்டு. மத்திய ஆசியாவில் பூண்டைப் பயிராக்கியவர்கள் ஆண்டுதோறும் பெரிய பற்களைத் தேர்ந்து நட்டார்கள். விதைக்கு உணவைச் செலவிட்ட செடிகள் சிறிய பூண்டாக நின்று தேர்வில் தோற்றன. பல்லுக்கே எல்லாவற்றையும் கொடுத்த செடிகள் வென்றன. இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போனதில், உலகம் முழுக்க உண்ணப்படும் ஒரு பயிர் விதையே போடாத செடியாகிவிட்டது. நாம் நடும் ஒவ்வொரு பூண்டும் ஏதோ ஒரு பழைய செடியின் இடைவிடாத தொடர்ச்சி.

இதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. விதை இல்லையென்றால் கலப்பு இல்லை, கலப்பு இல்லையென்றால் புதிய வகைகளை உருவாக்குவது கடினம். நகலிலிருந்து நகலாகப் போகும்போது வைரஸ்களும் கூடவே போகின்றன. தாய்க்கு வந்த வைரஸ் எல்லாப் பற்களிலும் இருக்கும், அடுத்த ஆண்டுச் செடியிலும் இருக்கும். அதனால் விதை போடும் பூண்டு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகேஓமி எதோ, சோவியத் மத்திய ஆசியாவில் திரட்டிய பூண்டு வகைகளில் சிலவற்றுக்கு இன்னும் கருவுறும் ஆற்றல் இருப்பதை 1980களில் காட்டினார். 1989இல் அமெரிக்க வேளாண் துறையின் பிலிப் சைமன் உள்ளிட்ட குழு அதே நிலப்பரப்புக்குப் போய்ப் பூண்டு திரட்டிவந்தது. இன்று வட அமெரிக்கத் தோட்டங்களில் தண்டு விட்டு நிற்கும் கடினக் கழுத்து வகைகளில் பலவற்றின் பூர்வீகம் அந்தப் பயணம்தான்.

அவற்றிலிருந்து விதை எடுக்கும் முறை பொறுமையைச் சோதிக்கும். உறை பிளந்ததும் பூக்களுக்கிடையில் இருக்கும் சிறுகுமிழ்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். போட்டி ஒழிந்ததும் பூக்களுக்கு உணவு கிடைக்கிறது, தேனீக்கள் வருகின்றன, கொஞ்சம் கருமையான விதைகள் விளைகின்றன. அந்த விதையில் பெரும்பாலான வைரஸ்கள் கடந்துபோவதில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே இந்த முயற்சியில் இறங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு.

தண்டை ஏன் ஒடிக்கிறோம் என்பது இப்போது விளங்கும். ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை நடுப்பகுதிவரை மண்ணுக்குள் பற்கள் மிக வேகமாகப் பருக்கும் காலம். அதே வாரங்களில் தண்டின் உச்சியும் உணவு கேட்கிறது. தண்டை எடுத்துவிட்டால் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை கீழ்நோக்கி மட்டுமே போகும். எவ்வளவு வித்தியாசம் வரும் என்பது வகையையும் மண்ணையும் பொறுத்தது. நல்ல எரு போட்ட மண்ணில் தண்டை விட்டுவைத்தாலும் இழப்பு சொற்பம். மெலிந்த மண்ணிலோ பூண்டின் எடை 30 சதவீதம்வரை குறையலாம் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ‘போர்சிலன்’ குழுவைச் சேர்ந்த மியூசிக் போன்ற வகைகள் ஒரே தலையில் நூறுக்கும் மேலான சிறுகுமிழ்களைச் சுமப்பவை. அவற்றில் தண்டை எடுப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

எப்போது என்பதற்குத் தண்டே குறி சொல்லும். வளரும் தண்டின் ஒரு பக்கத்துச் செல்கள் மறுபக்கத்தைவிட வேகமாக நீள்வதால்தான் அது வளைகிறது. ஒரு சுற்று முடிந்த நிலையில் தண்டு நீளமாகவும் இருக்கும், இளசாகவும் இருக்கும். அதன்பிறகு இருபுறமும் வளர்ச்சி சமமாகி, சுருள் அவிழ்ந்து, தண்டு விறைத்து மேல்நோக்கி நிமிரத் தொடங்கும். அப்போது உள்ளே நார் ஏறிவிடுகிறது. பூங்கொத்தின் எடையைத் தாங்க வேண்டுமல்லவா? அந்தக் கட்டத்தில் ஒடித்தால் பற்களுக்குக் கொஞ்சம் நன்மை உண்டு, வாய்க்கு இல்லை. ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் எடுத்துவிடுவது நல்லது. எல்லாச் செடியும் ஒரே நாளில் தண்டு விடுவதில்லை. பத்துப் பதினைந்து நாள் பாத்தியை அடிக்கடி சுற்றிவர வேண்டியிருக்கும்.

மழையில்லாத நாளில், வெயில் ஏறியபிறகு ஒடிப்பது நல்லது. காயம் சீக்கிரம் காய்ந்துவிடும், அழுகல் நோய்களுக்கு வழி குறையும். கடைசி இலை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே விரலால் மடக்கினால் இளந்தண்டு ‘டக்’கென்று ஒடியும். ஒடியாமல் நாராக இழுத்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோல் போடுவதானால் இலையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூண்டின் ஒவ்வொரு இலையும் பற்களுக்கு உணவு அனுப்புகிறது. அந்த இலைகளின் அடியுறைகளே பின்னால் காய்ந்து பூண்டின் மேல்தோலாகின்றன. தண்டை எடுக்கும் அவசரத்தில் இலையை இழந்தால் பருமனும் போகும், சேமிப்புக் காலமும் குறையும். சீனாவிலும் கொரியாவிலும் தண்டையே முதன்மை விளைச்சலாகக் கருதும் இடங்களில், இலையுறைக்குள் மறைந்திருக்கும் வெளிறிய அடிப்பகுதியும் சேர்ந்து வரும்படி, கழுத்தில் சின்னதாகத் துளையிட்டு நீளமாக உருவி எடுப்பார்கள். அந்த அடிப்பகுதிதான் மிகவும் இளசு. பூண்டையும் முழுதாகப் பெற விரும்பும் வீட்டுத் தோட்டக்காரருக்கு இந்த முறை தேவையில்லை.

தண்டை எடுப்பதற்குக் கிழக்கு ஒன்ராறியோவில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த லீக் அந்துப்பூச்சி வட அமெரிக்காவில் முதன்முதலாக 1993இல் ஒட்டாவா பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் இலைகளையும் தண்டையும் குடைந்து தின்னும். தண்டோடு சேர்த்துப் புழுவையும் பாத்தியிலிருந்து அப்புறப்படுத்திவிடலாம். குடைந்த தண்டை மக்குக் குப்பையில் போடாமல் பையில் கட்டி வெளியேற்ற வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். பூண்டின் காரம் பூண்டுக்குள் தயார்நிலையில் இருப்பதல்ல. நறுக்கும் நொடியில்தான் அது பிறக்கிறது. முழுப் பல்லை முகர்ந்தால் வாசனையே அதிகம் இருக்காது. செல்லுக்குள் அல்லீன் என்ற கந்தகச் சேர்மம் ஓரிடத்தில் இருக்கிறது. அதை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி தனி அறையில் அடைபட்டிருக்கிறது. கத்தியோ பல்லோ புழுவோ செல்லைக் கிழித்ததும் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. கடிக்க வரும் உயிரை விரட்டச் செடி வைத்திருக்கும் தற்காப்பு அது. நம் நாக்கிலும் மூக்கிலும் உள்ள வலியுணர் நரம்புகளை அது தூண்டுவதைத்தான் காரம் என்று உணர்கிறோம். அல்லிசினை 1944இல் அமெரிக்காவில் செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் என்பதும் அப்போதே பதிவானது. அல்லீனைச் சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ஸ்டோல், ஸீபெக் இருவரும் கண்டறிந்தார்கள்.

தண்டிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் பல்லைவிடக் குறைவு. ஆகையால் சமைப்பவர் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நொதி சூட்டில் செயலிழந்துவிடும். தண்டை நீளத் துண்டுகளாக நறுக்கி உடனே சூடான எண்ணெயில் போட்டால் வெட்டுவாயில் மட்டுமே அல்லிசின் உண்டாகும். உள்ளே நொதி வேலை செய்யும் முன்பே வெந்துவிடும். கிடைப்பது இனிப்பும் மெல்லிய பூண்டு மணமும். அதே தண்டைப் பொடியாக நறுக்கியோ அரைத்தோ சில நிமிடம் வைத்துவிட்டால் காரம் முழுதும் வந்துவிடும். பச்சையாக அரைத்து எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்த துவையல் சோற்றுக்குப் போதுமான அளவு உறைக்கும். இதைத் தெரிந்துகொண்டால், தண்டு சிலருக்கு இனிக்கவும் சிலருக்கு எரிக்கவும் காரணம் விளங்கிவிடும்.

பதம் கிட்டத்தட்டப் பயத்தங்காய் மாதிரி. அதே அளவில் நறுக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, தேங்காய்த்துருவல் தூவிப் பொரியல் செய்யலாம். மூடி போட்டு வேகவைக்க வேண்டியதில்லை. பச்சை நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும், நறுக்கென்று கடிபட வேண்டும். மொட்டுக்கு மேலே நீளும் கூர்முனை நாராக இருக்கும், அதை மட்டும் கிள்ளி எறியலாம். மொட்டையே சிலர் வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அது வீண் என்று படுகிறது. இளசாக இருக்கும்வரை மொட்டும் நன்றாக வதங்கும். கொரியாவில் இந்தத் தண்டை உலர்ந்த இறாலோடும் நெத்திலியோடும் சோயாவும் இனிப்பும் சேர்த்துப் புரட்டுவார்கள். சீனாவில் பன்றியிறைச்சிக் கீற்றுகளோடு பெரும் தீயில் கிளறுவார்கள். டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா எனக்குச் சொன்ன பக்குவம் இதோடு ஒத்துப்போகிறது: “தம்பி, உள்ளித்தண்டை நெத்திலிக் கருவாட்டோட போட்டுப் பிரட்டிப் பாருங்கோ, பிறகு வேற கறி கேக்கமாட்டியள்.” உலர்மீனின் உவர்ப்பும் தண்டின் இனிப்பும் சேரும் அந்தக் கூட்டைக் கொரியச் சமையலும் யாழ்ப்பாணச் சமையலும் தனித்தனியே கண்டடைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஈரம் இல்லாமல் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். சீனாவில் பூச்சியம் டிகிரியை ஒட்டிய கிடங்குகளில், ஆக்ஸிஜன் குறைந்த பைகளில், மாதக்கணக்கில் சேமிக்கிறார்கள். டொரொன்டோவின் சீன மளிகைகளில் குளிர்காலத்திலும் இதன் கட்டுகள் கிடைப்பது அதனால்தான். வீட்டில் நீண்ட நாள் வைக்க உறையவைப்பதே சிறந்தது. நறுக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து உறைபெட்டிக்குள் வைக்கலாம்.

எண்ணெயைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும். தண்டை அரைத்து எண்ணெயில் மூழ்கடித்து, மேடைமீது அலங்காரமாக வைக்கும் பழக்கம் ஆபத்தானது. மண்ணில் இயல்பாகவே வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். வீட்டு அடுப்பின் கொதிநிலையில் அந்த வித்துகள் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு சுரக்கும். எண்ணெய்க்கடியில் இருக்கும் பூண்டு இந்த நான்கையும் தருகிறது. நிறமும் மணமும் மாறாமலேகூட நஞ்சு இருக்கக்கூடும். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் பயன்படுத்திய, எண்ணெயில் ஊறிய நறுக்குப் பூண்டால் 36 பேர் நரம்பு முடங்கும் நோய்க்கு ஆளானார்கள். அந்தப் புட்டிகள் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டிருக்க வேண்டியவை. உண்டவர்கள் பல ஊர்களுக்குக் கலைந்து போய்விட்டதால் காரணம் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. 1989இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் மூவர் பாதிக்கப்பட்டதும், எண்ணெயில் வரும் பூண்டுப் பண்டங்களில் புளிப்பு சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

பி.ஹெச். அளவு 4.6க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியா முளைக்க முடியாது. நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சையும் புளியும் வினிகரும் கைநிறைய உப்பும் போடுவது சுவைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் புளிப்பைக் குறைத்து, எண்ணெயை மட்டும் கூட்டி, புதுமையாகத் தொக்கு செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். புளிப்பில்லாமல் எண்ணெயில் அரைத்த எதையும் 4 டிகிரிக்குக் கீழே வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது அன்றே உறையவையுங்கள். குளிர்பெட்டியில் இருந்தாலும் மறந்துபோய் இரண்டு வாரம் ஆகிவிட்டதென்றால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: எல்லாத் தண்டையும் ஒடித்துவிடலாமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாத்தியில் நன்றாகத் திமிர்ந்து நிற்கும் நாலைந்து செடிகளில் தண்டை விட்டுவையுங்கள். அவற்றின் சுருள் அவிழ்ந்து நிமிரும் நாட்கள், மற்றச் செடிகளைத் தோண்டும் காலம் நெருங்குகிறது என்பதற்கு ஓர் அடையாளம். கீழ் இலைகளில் மூன்றில் ஒரு பங்கு பழுத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் சிறுகுமிழ்கள்.

ஒன்ராறியோவின் பூண்டுப் பாத்திகளை வாட்டும் நோய்களில் பல மண்வழி வருபவை. தண்டு, குமிழ் நூற்புழு அவற்றில் மோசமானது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு பற்களுக்குள் புகுந்து, உலர்ந்த நிலையிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியூரிலிருந்து வாங்கிவந்த ஒரு பூண்டு, பல ஆண்டுகளுக்கு ஒரு பாத்தியைக் கெடுத்துவிடும். சிறுகுமிழோ மண்ணைத் தொடாமல் இடுப்பளவு உயரத்தில் விளைகிறது. அதனால் நூற்புழுவும் மண்ணின் பூஞ்சைகளும் பெரும்பாலும் அதை எட்டுவதில்லை. வைரஸ் மட்டும் உடன் வரும், அதைக் களைய மெய்யான விதையோ ஆய்வகத் திசு வளர்ப்போதான் வழி. பணம் கொடுத்து நடுபூண்டு வாங்கும் ஒருவர், தன் நல்ல வகையைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரே தலையில் அடுத்த தலைமுறைக்கான நடுபொருள் நூறு இருக்கிறது, அதை எடுக்க ஒரு பூண்டின் எடையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

மற்றப் பூண்டுகளைத் தோண்டியபின்னும் இந்தச் செடிகளைச் சில நாள் விட்டுவைக்க வேண்டும். உறை தானே பிளந்து, சிறுகுமிழ்கள் நிறம் ஏறி, லேசாகத் தொட்டால் உதிரும் நிலை வந்ததும் தண்டோடு வெட்டி நிழலில் தொங்கவிடலாம். அக்டோபரில், பெரிய பற்களை நடும் அதே நாட்களில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நெருக்கமாகத் தூவி மூட வேண்டும். வரிசையின் இருமுனையிலும் குச்சி நட்டு அடையாளம் வைக்காவிட்டால் வசந்தத்தில் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிட நேரும், முளை அவ்வளவு மெல்லியது. முதல் ஆண்டு கிடைப்பது பிரியாத ஒற்றைப்பல் பூண்டு. ‘ரோக்கம்போல்’ போலப் பெரிய சிறுகுமிழ் போடும் வகைகளில், அந்த ஒற்றைப்பல்லை மறுபடி நட்டால் இரண்டாம் ஆண்டே பற்கள் பிரிந்து வரும். அரிசியளவே இருக்கும் மியூசிக்கின் சிறுகுமிழ் முழு அளவுக்கு வர மூன்று ஆண்டு பிடிக்கும், சில நேரம் நான்கு. காத்திருக்கும் அந்த ஆண்டுகளில் சிறிய ஒற்றைப்பற்களைத் தோலுரித்துக் குழம்பில் முழுதாகப் போட்டுச் சாப்பிடலாம். பெரியவற்றை மட்டும் திரும்ப நட்டுக்கொண்டே வர வேண்டும்.